ஊசி போடாத படம்

அத்தியாயம் பதினொன்று

"போடவே வேணாம் எண்டு நான் சொல்லல்ல மிஸ், பகல்ல..."

"பகல்ல இல்லாம வேற எப்ப உம்மா? இவங்க என்ன, நமக்காக..."

"...பகல்ல போடாதீங்க எண்டுதான் சொல்றன். நோன்போட..."

"...நமக்காக விடிய விடியத் திறந்து வச்சிருப்பாங்களா?"

"நான் மிஸ்ஸோட கதைக்கிறன். உன்னோட இல்ல."

"மிஸ்தான் என்னக் கூப்பிட்டவ. உங்களோட ஏலாதாம்."

"அப்பிடி நான் சொல்லவே இல்லையே" என்றாள் அருள்மலர். தாய்க்கும் மகளுக்கும் நடுவில், ஊசி வைத்த தட்டைக் கையில் ஏந்தியபடி நின்றாள் அவள். படம் எடுப்பவள் அவள்தான்.

சுஹைரா அந்தப் பெரிய வெள்ளைக் குழாயின் வாயிலிருந்து வெளியே வந்திருந்த கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நிலையத்தில் கொடுத்த நீல உடுப்பின் கையை இழுக்க முடிந்த மட்டும் கீழே இழுத்துவிட்டு, அதன்மேல் மற்றக் கையைப் பொத்தி வைத்திருந்தாள்.

இந்த வீட்டாரோடு முதலிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு, அவள் இந்தக் கட்டிலுக்கு வந்து சேர்ந்த வழி தெரியும். இன்றுதான் சேர்ந்துகொள்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் சுஹைராவின் மார்பில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்து, மருந்தும் ஏற்றி, சுகம் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இந்த நோன்பு பிறந்ததும் தலையிடி தொடங்கியது. பிறகு கஞ்சி. சுஹைராவின் நோன்புக் கஞ்சிக்கு, அவர்கள் குடியிருக்கும் ஜமாலியாவில் ஒரு பெயர் உண்டு. நாவில் வைத்துப் பாராமல், கையின் கணக்கிலேயே உப்புப் போடுகிறவள் அவள். அந்தக் கை ஒரே பானைக்கு இரண்டு தரம் உப்பைப் போட்டது. மறுநாளும் போட்டது. நோன்பு திறந்த வாயோடு ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்களே தவிர, யாரும் ஒன்றும் பேசவில்லை. மகள் றிஷானாதான் டொக்டரிடம் போய்ச் சொன்னாள். மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றார் அவர்.

"மௌலவிட்டக் கேட்டனான் உம்மா. ஊசியால நோன்பு முறியாது எண்டுதான் சொன்னவர்."

"அவர் காய்ச்சல் ஊசியச் சொல்லியிருப்பார். இது ரத்தத்துக்குள்ள ஓடித் திரியிற மருந்து. இத அவர் கண்டவரா?"

"வருத்தக்காரருக்கு நோன்பே கடமையில்ல. பிடிக்காம விட்டத பிறகு கழாப் பண்ணலாம்."

"எப்ப?"

றிஷானா தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தாள்.

"சொல்லன் புள்ள. எப்ப பிடிச்சுக் கொடுக்கிற? அடுத்த றமழானுக்கு முந்தியா, பிந்தியா?"

அறை குளிர்ந்து கிடந்தது. சுவருக்குள் எங்கோ ஒரு குருவி இருப்பதுபோல, ஓய்ந்திருந்த இயந்திரம் மட்டும் தன்பாட்டில் கீச்சுக் கீச்சென்று கொண்டிருந்தது.

"அம்மா, கொஞ்சம் கேளுங்கோ" என்றாள் அருள்மலர். "இப்ப எடுத்தது மருந்தில்லாத படம்."

"படம் படம்தானே மகள்."

"இது பாதிதான். மூளைக்கு ஒரு வேலி இருக்கு. ரத்தத்தில வாற எல்லாத்தையும் அது உள்ளுக்கு விடாது. இந்த மருந்தையும் விடாது. எங்கயாவது நோய் வந்து குந்தியிருந்தா, அந்த இடத்தில வேலி பிரிஞ்சிருக்கும். மருந்து அதால இறங்கும். இறங்கின இடம் மட்டும் படத்தில வெள்ளையாத் தெரியும். மருந்து போடாட்டி, சின்னப் புள்ளியெல்லாம் மூளையிட நிறத்திலயே ஒளிஞ்சு நிண்டிடும்."

"ஒளிஞ்சு நிக்கிறது ஒளிஞ்சே நிக்கட்டுமே."

"உம்மா."

"பகிடிக்குச் சொன்னன்."

அருள்மலர் தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கட அம்மாவும் தவக்காலத்தில இப்பிடித்தான். குளிசை விழுங்கக்கூடத் தண்ணி குடிக்க மாட்டா. சரி, நோன்பு திறந்துபோட்டு வாங்கோ. இரவும் ஆக்கள் இருக்கினம். கடைசி ஆளா உங்களப் போடுறன். முதல் எடுத்ததிலயும் கொஞ்சம் திரும்ப எடுக்க வேண்டி வரும், அவ்வளவுதான்."

றிஷானாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. சண்டை முடிந்துவிட்டது, இனி உம்மா மறுக்க ஒன்றுமில்லை என்று திரும்பிப் பார்த்தாள். சுஹைராவின் முகம் ஏனோ வாடிப்போயிருந்தது. கையைப் பொத்தியிருந்த கை அப்படியே இருந்தது.

"பாப்பம்" என்றாள் சுஹைரா.

*

வெளியறையில் உம்மாவின் முக்காட்டுக்கு ஒவ்வொரு ஊசியாகக் குத்திக்கொண்டே றிஷானா கேட்டாள்:

"உள்ளுக்க பயமா இருந்ததா?"

"நித்திரை வந்தது."

"அந்தச் சத்தத்துக்குள்ளயா?"

"பாதையில போற மாதிரி இருந்தது புள்ள."

கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முந்தி, சனத்தையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடந்த மிதவையை அங்கே பாதை என்றுதான் சொல்வார்கள். சுஹைரா பிறந்தது கிண்ணியாவில். குழாய்க்குள் சத்தம் எழுந்ததும் அவள் கண்ணை மூடியிருந்தாள். சத்தம் மெல்ல இஞ்சினாக மாறிற்று. இஞ்சின் தண்ணீரைத் தள்ளிற்று. கால்மாட்டில் கரை விலகிப்போனது. முன்னால் ஒரு பெண் மடியில் கோழியோடு இருந்தாள். கோழி ஒரு கண்ணால் சுஹைராவையே பார்த்தது. பசி இல்லை. தாகமும் இல்லை. அக்கரை வரவே இல்லை. வராமல் இருந்ததுதான் நன்றாக இருந்தது.

"ஓட்டோ ஒண்டு பிடிச்சிட்டு வாறன், இருங்க" என்று றிஷானா வெளியே போனாள். திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக்குப் பின்னால் உம்மா போனைக் காதில் வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டு சொன்னாள். வாப்பாவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து சுஹைரா படுத்துவிட்டாள். நோன்புப் பகலின் நடுப்பகுதியில் ஊருக்கு ஒரு மயக்கம் வரும். கடைகள் பாதிக் கதவைச் சாத்தியிருக்கும். பூனைகூட நிழலை விட்டு அசையாது. றிஷானாவும், தான் படிப்பிக்கும் பாலர் பாடசாலை விடுமுறையில், யன்னலோரக் கதிரையில் கண் சொருகி இருந்தாள். மதிற்சுவருக்கு மேலால் பக்கத்து வீட்டு பஸ்மியாவின் தலை தெரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். இப்பதான் எனக்கு நெஞ்சுல தண்ணி வந்தது புள்ள."

"என்ன ராத்தா?"

"மூளையில ஒண்டுமில்லையாமே. இண்டைக்கு நீங்க அடுப்பு மூட்ட வேணாம், கஞ்சி நான் தாறன்."

"ஆர் சொன்ன?"

"உங்கட வாப்பாதான். முனாப் காக்கா லோஞ்சு ஜெட்டியில நிண்டு காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்றாராம். எங்கட வீட்டுக்காரர் போன் எடுத்தவர்."

றிஷானா உள்ளே எட்டிப் பார்த்தாள். சுஹைரா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நித்திரையா, நித்திரை மாதிரியா என்று அந்த முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஓட்டோக்காரர்கள் எல்லாம் ஓட்டோக்குள் கால் நீட்டிக் கிடந்தார்கள். எழுப்ப மனமில்லாமல் றிஷானா நடந்தாள். வெயில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. இந்த ஊர் வீதிகளில் மாடுபோலத் திரியும் மான்கள் இரண்டு, மதில் நிழலில் முன்காலை மடித்துப் படுத்தபடி அவள் போவதைப் பார்த்தன. துறைமுகப் பக்கம் திரும்பியதும் கடல் ஒரு தகடுபோலக் கிடந்தது. தூரத்துக் கப்பல் தண்ணீரில் நிற்கிறதா, காற்றில் நிற்கிறதா என்று தெரியவில்லை. வாப்பாவிடம் சொல்ல வேண்டிய வசனத்தை அவள் வழியெல்லாம் கட்டிக்கொண்டு போனாள். அது பாதிப் படம் வாப்பா. மருந்து போடல்ல வாப்பா. ஒண்டும் இன்னும் தெரியாது வாப்பா.

"தங்கச்சி, இண்டைக்கு உங்கட வாப்பாவ நம்பி ஏறேலாது" என்றார் ஜெட்டியில் கயிறு பிடிக்கும் கிறிஸ்தோபர். "காலையில இருந்து பாட்டு."

சனத்தை ஏற்றிக்கொண்டு கடல் கடந்து மூதூருக்குப் போகும் லோஞ்சு புறப்பட ஆயத்தமாக நின்றது. முனாப்தான் அதன் ஓட்டி. ஒவ்வொருவர் ஏறும்போதும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்திக்குப் பாங்கு சொன்னதும் நோன்பு திறக்க உதவுமாம். நரைத்த தாடிக்குள் முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு வருடமாக இந்த முகத்தை அவள் காணவில்லை.

"வாப்பா."

"எங்கட ராசாத்தி என்ன இந்த வெயில்ல?"

"அந்தப் படம்..."

"உம்மா சொன்னவ."

"என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்லையாம். 'நான்தான் சொன்னனே, சும்மா தலையிடி, நீங்கதான் பயந்தாங்கொள்ளி' எண்டு எனக்கு ஏச்சு வேற." அவர் ஒரு கிழவிக்குக் கை கொடுத்து உள்ளே இறக்கினார். "நீ என்ன சொல்ல வந்தாய்?"

தண்ணீர் லோஞ்சின் வயிற்றில் தட்டித் தட்டி விலகியது. வழியெல்லாம் கட்டிய வசனம் றிஷானாவின் வாய்க்குள் வந்து, உலர்ந்து, அங்கேயே நின்றது.

"சும்மாதான் வந்தன்."

"சும்மாவா?"

"ஓம். வீட்டுக்க இருக்க ஏலாம இருந்தது."

முனாப் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து அவள் தலைக்கு மேல் போட்டார்.

"வெயில். போய்ப் படு புள்ள. அந்திக்குள்ள வந்திடுவன்."

*

"நோன்போட பொய் சொல்லிட்டீங்க உம்மா."

சுஹைரா குசினி வாசலில் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஊசி குத்தினா முறிஞ்சிடும் எண்டு கையப் பொத்தினீங்க. பொய் சொன்னா நோன்பு என்னாகும்? அதையும் மௌலவிட்டக் கேக்கட்டா?"

"கேளு. எனக்கும் தெரிஞ்சுகொள்ள ஆசை."

"பகிடி விடாதீங்க. ஜெட்டியில அவர் எல்லாருக்கும் பழம் குடுக்கிறார்."

"சிரிச்சாரா?"

"உம்மா..."

"சிரிச்சாரா எண்டு கேக்கிறன்."

"சிரிச்சார். பாட்டும் படிச்சாராம்."

சுஹைரா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கண்ணீரைத் துடைத்தாள். வெங்காயத்துக்கு வந்ததுதான் என்று நாமும் எடுத்துக்கொள்வோம்.

"போன முறை உன்ட வாப்பா என்ன செஞ்சவர் எண்டு உனக்குத் தெரியாது. நீ படிக்கப் போயிருந்தாய். புற்றுநோய்தான் எண்டு நான் போன்ல சொன்ன நேரம் மனிசன் நடுக்கடல்ல. நங்கூரத்தப் போட்டுட்டு, எதிர்ல வந்த வள்ளத்தில ஏறிக் கரைக்கு வந்திட்டார். மூதூர்ச் சனம் முழுக்க லோஞ்சுக்குள்ள குந்திக்கொண்டு இருந்தது. ஒரு புள்ளத்தாய்ச்சியும் இருந்தாவாம்."

றிஷானாவுக்குச் சிரிப்பு வந்தது. உம்மாவுக்கும் வந்தது. இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். 

"பெருநாள் வரைக்கும் அந்த மனிசன் சிரிக்கட்டும். அவ்வளவுதான் நான் கேட்ட" என்றாள் சுஹைரா. "நோன்பு, தப்பிக்க நான் சொன்ன ஒரு சாட்டு. அந்த மிஸ் நல்ல புள்ள. சாட்டையும் புடுங்கிட்டா."

"தெரியாம இருந்தா இல்லாமப் போகுமா உம்மா?"

"போகாது."

"இருந்து, பிந்திப் பாத்தா?"

சுஹைரா தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உப்புப் போடுகிற கை. தன்னுடையதுதானா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நேத்து உன்னப் பாத்து, நீ ஆர் எண்டு ஒருக்கா யோசிச்சனான்" என்றாள் மெல்ல. "கண் மூடித் திறக்கிற நேரந்தான். பிறகு வந்திட்டுது."

றிஷானா உம்மாவுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் இருந்துவிட்டாள்.

"சரி. வாறன்" என்றாள் சுஹைரா. "நோன்பு திறந்து, மஃரிபும் தொழுதுபோட்டு வாறன். ஆனா அவருக்குத் தெரியப்படாது. அவர் இரவைக்குத் தறாவீஹ் தொழப் போனதும் போயிட்டு, முடியிறதுக்குள்ள வந்திடோணும்."

பாங்கு சொன்னபோது வானம் மாதுளைத் தோலின் நிறத்தில் இருந்தது. பஸ்மியாவின் கஞ்சிக்குள் இஞ்சி மணத்தது. "பயமில்லாமக் குடிங்க, உப்பு நான் போடல்ல" என்றாள் சுஹைரா. முனாப் சிரித்துச் சிரித்துக் குடித்தார். இன்னும் ஒரு கோப்பை கேட்டார். அதைப் பாதியில் வைத்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்குப் போகிறேன் என்று எழுந்தார்.

*

"நோன்பு திறந்தாச்சா அம்மா?"

"வயிறு நிறைய. இனி எங்க வேணுமெண்டாலும் குத்து மகள்."

அருள்மலர் நல்ல நரம்பைத் தேடித் தடவினாள். ஊசி ஏறியது தெரியவில்லை. கட்டில் உள்ளே போயிற்று. முதலில் பகலில் கேட்ட சத்தங்கள். பிறகு ஓய்வு. பிறகு காதுக்குள் அருள்மலரின் குரல்: "இப்ப மருந்து போகுது அம்மா. கை கொஞ்சம் குளிரும். அசையாதீங்கோ."

குளிர் கையில் ஏறியது. கிணற்றுத் தண்ணீரை யாரோ தோள்வரை மெல்ல வார்ப்பதுபோல் இருந்தது. இஞ்சின் தொடங்கிற்று. சுஹைரா மறுபடி பாதையில் நின்றாள். இப்போது இரவு. கோழிக்காரி இல்லை. சனமே இல்லை. தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத கறுப்பு. அக்கரை இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது, மணத்தால். அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். இருட்டாகவே இருக்கட்டும், எவரும் விழித்திருக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டாள். அப்போது கரையில் யாரோ ஒரு விளக்கை ஏற்றினார்கள். ஒன்றுதானா, அதற்கப்பால் இன்னொன்றா என்று பார்க்குமுன் சத்தம் நின்றது. கட்டில் வெளியே வந்தது.

அருள்மலர் ஊசியைக் கழற்றிப் பஞ்சை அமர்த்தினாள். அதன்மேல் பிளாஸ்ரரை ஒட்டினாள். ஒட்டியதன்மேல் இன்னொன்றும் ஒட்டினாள். றிஷானா செருப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"காலையில டொக்டர் படத்தைப் பார்ப்பார் அம்மா. அவரிட்டப் போகேக்க ஐயாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அவருக்கு லோஞ்சு இருக்கு மகள்."

"ஒரு நாள்தானே."

"எல்லாருக்கும் இப்பிடித்தான் சொல்றதா?"

"வீட்டுக்காரர் பக்கத்தில இருந்தா நல்லம்தானே அம்மா" என்றாள் அருள்மலர், பஞ்சைப் பார்த்துக்கொண்டு.

வெளியே கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் ஏதோ ஒரு பள்ளியின் தறாவீஹ் ஓதல் நெருங்கி வந்து, விலகிப்போய், மறுபடி வந்தது. எதிர்ப்புறத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முனாப் இருந்தார்.

சுஹைரா மகளைப் பார்த்தாள். றிஷானா இல்லையென்று தலையாட்டினாள். இருவரும் வீதியைக் கடந்தார்கள்.

"தொழுகை முடியல்லையே" என்றாள் சுஹைரா.

"முடியல்ல."

"பிறகு எப்பிடி இங்க..."

"உங்கட ஓட்டோவுக்குப் பின்னால வந்தனான்." முனாப் மகள் பக்கம் திரும்பினார். "நல்ல செய்தி சொல்ல ஆரும் நோன்போட அந்த வெயில்ல ஜெட்டிக்கு நடந்து வரமாட்டாங்க புள்ள. வந்தாய், சொல்லாமப் போனாய்."

"வாப்பா, நான்..."

"உன்னக் குறை சொல்லல்ல."

"என்னோட கோவமா?" என்றாள் சுஹைரா.

"கோவிச்சு என்ன செய்ய? இந்த முறை லோஞ்ச ஒழுங்காக் கட்டிப்போட்டுத்தான் வந்திருக்கிறன்."

சுஹைரா சிரித்துவிட்டாள். பகல் முழுதும் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு. அவர் அவள் கையைத் தூக்கி, வீதி விளக்கில் பிளாஸ்ரரைப் பார்த்தார். ஊதினார், சின்னப் பிள்ளைக்கு ஊதுவதுபோல. அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு டொக்டரிட்ட நீங்களும் வரட்டாம்" என்றாள்.

"ஆர் சொன்ன?"

"படம் எடுத்த மிஸ்."

ஓதல் ஒரு நிறுத்தத்தில் ஓய்ந்திருந்தது. அவர் அவள் கையைப் பிடித்தபடியே கேட்டார்:

"என்னை ஏன் வரச் சொன்னவ, சுஹைரா?"